விதைக்கு விதை ஈடாகுமா? அருப்புக்கோட்டை – திருச்சுழி மானாவாரியில் மாற்று விதையும் இழப்பீடும்

விதை முளைக்கவில்லை என்று விவசாயி கடையில் போய் நின்றால் நிறுவனத்தின் சார்பில் வழக்கமாக வரும் பதில், "பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாத்தித் தந்துர்றோம்." கிணற்றுப் பாசனம் உள்ள ஊரில் இது ஓரளவு நியாயமான பதில்தான். உழுத நிலமும் தண்ணீரும் இருப்பதால் பத்து நாள் பிந்தி மறுபடி விதைத்துக்கொள்ளலாம். அருப்புக்கோட்டை, பந்தல்குடி, பரளச்சி, திருச்சுழி, நரிக்குடி என்று விரியும் கரிசல் புஞ்சையில் இதே பதிலுக்கு அநேகமாக மதிப்பே இல்லை. இங்கே விவசாயி பறிகொடுப்பது ஒரு பட்டத்தை. மானாவாரியில் மாற்று விதையை இழப்பீட்டின் சிறு பகுதியாக வரவு வைக்கலாமே தவிர, முழுத் தீர்வாக விவசாயி மேல் திணிப்பதற்குச் சட்டத்திலும் இடமில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நாள் கணக்கில் பார்த்தால் இது விளங்கும். புரட்டாசிக் கடைசியில் விழும் மழையை நம்பி, அக்டோபர் முதல் வாரத்தில் வீரிய மக்காச்சோளம் விதைக்கிறார்கள். ஐந்தாறு நாளில் முளை தெரிய வேண்டும். தெரியவில்லை என்று உறுதிப்படவே பத்து நாள் ஆகிவிடும். பிறகு கடைக்காரரிடம் முறையீடு, விநியோகஸ்தருக்குத் தகவல், நிறுவன ஆள் வந்து பார்ப்பது, மேலிடத்து ஒப்புதல். மாற்றுப் பாக்கெட் கைக்கு வரும்போது நவம்பர் நடுப்பகுதி ஆகிவிடுவது அதிசயமில்லை. மக்காச்சோளம் ஏறக்குறைய 50 முதல் 55 நாளில் பூக்கும். முதல் விதைப்பு பிழைத்திருந்தால் நவம்பர் இறுதியில், வடகிழக்குப் பருவமழை இன்னும் பெய்துகொண்டிருக்கும்போது பூத்திருக்கும். இரண்டாம் விதைப்பு பூப்பது ஜனவரியில். அப்போது மழை முடிந்து பனி இறங்கியிருக்கும்; கரிசல் வெடிக்கத் தொடங்கியிருக்கும். தட்டை வரும், கதிர் பிடிக்காது. மாட்டுக்குத் தீவனம் ஆயிற்று என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம்.

விதைக்கென்றே இருக்கும் சட்டம் இந்த இழப்பைக் கண்டுகொள்ளவில்லை. 1966 ஆம் ஆண்டு விதைச் சட்டம் முதல் குற்றத்துக்கு விதித்த அபராதத்தின் உச்சவரம்பு 500 ரூபாய். மீண்டும் செய்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விவசாயிக்கு என்ன கிடைக்கும் என்று அதில் ஒரு வரி கிடையாது. போதாக்குறைக்கு, தரக் கட்டுப்பாட்டைச் சொல்லும் அதன் 7 ஆம் பிரிவு அரசு அறிவிக்கை செய்த பயிர், இரகங்களின் விதையையே கட்டும். பச்சை அட்டை கட்டி, 'உண்மைநிலை விதை' என்று விற்கப்படும் தனியார் வீரிய இரகங்களில் பல இந்த வலைக்கு வெளியே நிற்பவை.

ஆகவே நுகர்வோர் சட்டத்தின் வாசலுக்கே போக வேண்டியிருக்கிறது. அந்த வாசல் திறந்திருப்பதை 2012 ஜனவரியில் தேசிய விதைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது: விதை வாங்கும் விவசாயி நுகர்வோரே; விதைச் சட்டம் இருப்பது அவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போவதைத் தடுக்காது. இப்போது நடப்பிலுள்ள 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையம் பொருளை மாற்றித் தரச் சொல்லலாம், விலையைத் திருப்பச் சொல்லலாம், இழப்பீடும் தரச் சொல்லலாம். இவற்றில் ஒன்றைக் கொடுத்தால் மற்றவை அற்றுப்போகும் என்று சட்டம் சொல்லவில்லை. மாற்றிக் கொடுத்துவிட்டோம், கணக்கு முடிந்தது என்பது நிறுவனங்களின் வாசிப்பு மட்டுமே.

அவர்களுக்குச் சற்று வலுவான வாதம் 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73 ஆம் பிரிவில் இருக்கிறது. இழப்பைக் கணக்கிடும்போது, அதைச் சரிக்கட்டப் பாதிக்கப்பட்டவருக்கு இருந்த வழிவகைகளையும் பார்க்க வேண்டும் என்கிறது அதன் விளக்கம். மறுவிதைப்பு அப்படியொரு வழிதானே என்று நிறுவனம் கேட்கும். வழிவகை என்பது விவசாயியின் கையில் இருப்பது. ஐப்பசி மழை அவர் கையில் இல்லை. அதே பிரிவு, ஒப்பந்தம் முறிந்தால் இயல்பாக நேரக்கூடிய இழப்பையும், இரு தரப்பும் முன்பே அறிந்திருந்த இழப்பையும் தரச் சொல்கிறது. செப்டம்பரில் அருப்புக்கோட்டைக் கடைக்கு லாரியில் விதை அனுப்பும் நிறுவனத்துக்கு அது எந்த மழைக்குப் போகும் விதை என்று தெரியாதா?

'சம மதிப்பு' என்பதை விற்றவரே முடிவு செய்யும் வழக்கம் விதைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பேஸ்பால் வீரர்களின் கையெழுத்திட்ட அட்டைகளை உறையில் போட்டு விற்கும் நிறுவனங்கள், கையெழுத்து வந்து சேராதபோது அட்டைக்குப் பதிலாக ஒரு மாற்றுச் சீட்டை உறைக்குள் வைக்கின்றன. கையெழுத்து கடைசிவரை வராவிட்டால் வேறொரு வீரரின் அட்டையைச் சம மதிப்பு என்று சொல்லி அனுப்புகின்றன. சேகரிப்பாளர்கள் பொருமுவது இதற்குத்தான். அவர்களுக்குச் சந்தை விலை என்ற உரைகல்லாவது உண்டு. போன பட்டத்துக்கு அதுவும் கிடையாது.

இனி நிரூபணம். மானாவாரி விவசாயி மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். முளைக்காத புஞ்சையை அப்படியே போட்டுவைத்தால்தான் வேளாண்மை அலுவலரோ விதை ஆய்வாளரோ வந்து பார்த்து அறிக்கை எழுத முடியும். மண்ணில் ஈரம் இருக்கும்போதே அழித்து உழுது உளுந்தோ கம்போ போட்டால்தான் கொஞ்சமாவது மிஞ்சும். சாட்சியைக் காப்பாற்றினால் பட்டம் போகும், பட்டத்தைக் காப்பாற்றினால் சாட்சி போகும். பெரும்பாலோர் உழுதுவிடுகிறார்கள்; நானாக இருந்தாலும் உழுதுதான் இருப்பேன். அப்படி உழுததை வழக்கில் அவருக்கு எதிராக நிறுத்துவது அநீதி.

நீதிமன்றங்கள் இதை ஓரளவு உணர்ந்திருக்கின்றன. ஆய்வகச் சோதனைக்கென்று விவசாயி விதையில் ஒரு பங்கை எடுத்துவைத்திருப்பார் என எதிர்பார்க்க முடியாது என்பது மகாராஷ்டிரா ஹைபிரிட் சீட்ஸ் நிறுவனத்தின் 1998 வழக்கிலிருந்தே தொடர்ந்து ஏற்கப்பட்டுவரும் நிலை. 1968 ஆம் ஆண்டு விதை விதிகளோ விற்பவர் தரப்பில் ஒவ்வொரு குவியலுக்கும் மூன்றாண்டு பதிவேடு இருக்க வேண்டும் என்கின்றன. குவியல் முழுதும் விற்றுத் தீர்ந்து ஓராண்டு ஆன பிறகே மாதிரியைக் கழிக்கலாம். ஆக, சோதனைக்குரிய விதை நிறுவனத்தின் அலமாரியில் இருக்கிறது. ரசீதில் குவியல் எண் இருந்தால் அதைக் கேட்டு வாங்கலாம். கடனுக்கு வாங்குகிறவருக்குக் குவியல் எண் போட்ட ரசீது தரக் கடைக்காரர் தயங்குவதுதான் இங்கே உண்மையான முட்டுக்கட்டை.

புஞ்சையும் தன் பங்குக்குப் பேசும். விதைச்சாலைக் கையால் கிளறினால் கிடைக்கும் விதை கல் மாதிரி காய்ந்திருந்தால் ஈரம் எட்டவில்லை என்று பொருள், குற்றம் வானத்தினுடையது. ஊதி அழுகியிருந்தால் ஈரம் வந்தும் முளை எழவில்லை. தண்ணீர் தேங்கியும் விதை அழுகும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. வரப்புக்கு அந்தப் பக்கம் அதே நாளில், அதே மழைக்கு, வேறு குவியல் விதை போட்டவரின் புஞ்சை பச்சையாக நின்றால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். விளைச்சல் குறைவுக்கு விதையைத் தவிர வேறு காரணங்களும் இருக்கலாம் என்று 2005 இல் ஹரியானா விதை வளர்ச்சிக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது சரியே. 2018 இல் படைப்புழு மக்காச்சோளத்தைத் தின்றபோது விதையைக் குறை சொல்லியிருந்தால் அது நின்றிருக்காது. அண்டைப் புஞ்சை ஒப்பீடு அந்த எச்சரிக்கைக்கும் பதிலாகிறது.

நிறுவனங்கள் கையில் எடுக்கும் இன்னொரு ஆயுதம் புழுதி விதைப்பு. மழைக்கு முன் காய்ந்த மண்ணில் விதைத்தது உங்கள் தவறு என்பார்கள். புழுதி விதைப்பு இவ்வட்டாரத்தின் பழைய முறை. வேளாண் பல்கலைக்கழகமே விதையைக் கடினப்படுத்தி அப்படி விதைக்கச் சொல்லித்தருகிறது. தாவர இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் (2001), 39(2) ஆம் பிரிவில், பதிவுபெற்ற இரகம் எந்தச் சூழலில் என்ன பலன் தரும் என்பதை விற்கும்போதே வெளிப்படுத்தச் சொல்கிறது. பொய்த்தால் இழப்பீடு கோரும் உரிமையையும் தருகிறது. பாக்கெட்டில் 'பாசனத்துக்கு மட்டும்' என்று அச்சிடாத நிறுவனம், முளைக்காத பிறகு மானாவாரியைக் குறை சொல்ல முடியாது. முளைப்புத் திறன் இத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருப்பது வெளிப்படையான உத்தரவாதம். அது பொய்த்தால், கவனக்குறைவு இல்லை என்று நிரூபித்தாலும் உற்பத்தியாளர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்கிறது 2019 சட்டத்தின் 84 ஆம் பிரிவு.

இழப்பின் அளவுக்கும் அண்டைப் புஞ்சையே அளவுகோலாகட்டும். அங்கே கண்ட மகசூலின் மதிப்பிலிருந்து, முளைக்காததால் மிச்சமான களையெடுப்பு, மேலுரம், அறுவடைச் செலவுகளையும், மாற்றுப் பயிரில் கிடைத்த வரவையும் கழிக்க வேண்டும். மாற்றுப் பாக்கெட்டின் விலையையும் கழித்துக்கொள்ளட்டும், நியாயம்தான். பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்பது பொருந்தாத பேச்சு: பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் இயற்கை இடர்களுக்கானது, விதைக் கோளாறுக்கானதன்று.

மாற்றுப் பாக்கெட்டை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கையெழுத்து வாங்கும் தாளைத்தான் கவனிக்க வேண்டும். உரியதற்குப் பதிலாக வேறொன்றை நிறைவாக ஏற்றுக்கொள்ள ஒப்பந்தச் சட்டத்தின் 63 ஆம் பிரிவு இடம் தருகிறது. 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்ற வரி பின்னால் வழக்கையே முடித்துவிடக்கூடும். 'மேற்கொண்டு இழப்பீடு கோரும் உரிமைக்கு உட்பட்டு' என்று எழுதிக் கையெழுத்திடலாம். புகாருக்கு இரண்டாண்டு அவகாசம் உண்டு. ஒரே குவியல் விதையால் பாதிக்கப்பட்ட பலர், ஆணையத்தின் அனுமதியோடு, சேர்ந்து ஒரே புகாராகவும் கொடுக்கலாம். மாவட்ட ஆணையம் இருப்பது திருவில்லிபுத்தூரில். நரிக்குடிக்காரருக்கு அது மாவட்டத்தின் மறுகோடி. வாய்தாவுக்கு வாய்தா ஒவ்வொருவராகப் பஸ் ஏறாமல், ஊருக்கு ஒருவர் போய்வரும்படி அமைத்துக்கொள்வதே செலவுக்குக் கட்டுப்படியாகும்.