சன்னத்தின் எல்லை: அமெரிக்காவும் இந்தியாவும்

கொலராடோ மாநிலத்து வழக்கறிஞர் ஒருவர். அவருடைய மாமனார் மாமியார் மினசோட்டாவில் இருந்தார்கள். அவர்கள் மீது 2,368 டாலர் கடனுக்குத் தீர்ப்பு வந்திருந்தது. எதிர்த்தரப்பு வக்கீலோடு மருமகன் மின்னஞ்சலிலேயே சமரசம் பேசினார். மினசோட்டாவில் சன்னத்து (வக்கீல் தொழில் உரிமம்) இல்லாமல் தொழில் செய்ததாக அவர் மீது புகார் எழுந்தது. 2016இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், நால்வருக்கு மூவர் என்ற கணக்கில், அவருக்குத் தரப்பட்ட பகிரங்கமாகாத எச்சரிக்கையை உறுதிசெய்தது.

மதுரை வக்கீலுக்கு இப்படி நேராது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30ஆம் பிரிவு, ஒரு மாநிலத்தில் பதிந்தவருக்கு நாடு முழுவதும் வாதாடும் உரிமை தருகிறது. ஐம்பது ஆண்டு ஏட்டில் உறங்கிய அந்தப் பிரிவு 2011 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகும் உயர் நீதிமன்றங்கள் தத்தம் விதிகளை வைத்துக்கொள்ளலாம். வெளிமாநில வக்கீல் உள்ளூர் வக்கீலோடு சேர்ந்தே ஆஜராக வேண்டும் என்ற அலகாபாத் விதியை 2016இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

அமெரிக்காவில் வேலி மாநில எல்லையில் நிற்கிறது. அதைத் தாண்டினால் பணமும் போகலாம்: கலிஃபோர்னியாவில் வேலை பார்த்த நியூயார்க் வக்கீல் நிறுவனம் ஒன்று, அந்த வேலைக்கான கட்டணத்தைக் கேட்க முடியாது என்று 1998இல் தீர்ப்பானது. இந்தியாவில் வேலி நாட்டெல்லையில். வெளிநாட்டு வக்கீல்கள் இங்கே தொழில் செய்யக் கூடாது, எப்போதாவது வந்து தம் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்லிப் போகலாம் என்றது ஏ.கே. பாலாஜி வழக்கின் 2018 தீர்ப்பு. சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு அது. உரிமையின்றி நீதிமன்றத்தில் தொழில் செய்தால் 45ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை.

ஒழுங்கு நடவடிக்கையில்தான் இரண்டும் முழுதாகப் பிரிகின்றன. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதி 8.5, வேலை நடந்த மாநிலத்துக்கும் விசாரிக்கும் அதிகாரம் தருகிறது. அங்கே பதிவு இல்லையென்பது தப்பிக்க வழியாகாது. நம் சட்டத்தின் 35ஆம் பிரிவோ பெயர் பதிந்த பார் கவுன்சிலிடம் அதிகாரத்தை ஒப்படைக்கிறது. மதுரை வக்கீல் தில்லிக் கட்சிக்காரரை ஏமாற்றினால், புகார் சென்னைக்கு வர வேண்டும். எந்தப் பட்டியலிலும் இல்லாத வெளிநாட்டவரை எந்தப் பட்டியலிலிருந்து நீக்குவது? சர்வதேச நடுவர் தீர்ப்பாயங்களுக்கு வருவோரையும் நம் தொழில் நெறி கட்டுப்படுத்தும் என்று பாலாஜி தீர்ப்பு சொன்னது. வெளிநாட்டு வக்கீல்களுக்கான பதிவு விதிகள் 2023இல்தான் வந்தன.

கட்சிக்காரரைக் காப்பதற்கே இந்த விதிகள் என்று இரு நாடுகளும் சொல்கின்றன. மினசோட்டாவில் புகார் கொடுத்தவர் மாமனார் அல்ல, எதிர்த்தரப்பு வக்கீல். இங்கேயோ உண்மையில் ஏமாந்தவர்தான் ரயிலேற வேண்டியிருக்கிறது.