செல்போன் போட்டோ, வியாபார கணக்கை எங்கே பத்திரப்படுத்துவது? 'கிளவுட்' குடோன்களில் எது எப்படி? முழு விவரம்

பாவூர்சத்திரம்:

பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் இருந்து கேரளாவுக்கு லோடு அனுப்பும் வியாபாரிக்கு பில்லும், பாக்கி கணக்கும் இப்போது செல்போனில்தான் இருக்கிறது. பீடி சுற்றும் பெண்ணின் பி.எப். விவரம், பிள்ளையின் மார்க் சீட், வீட்டு கல்யாண போட்டோ எல்லாமே அதே செல்போனில்தான்.

அந்த போன் குற்றாலம் அருவிக்கரையில் நழுவி விழுந்தாலோ, பஸ்சில் பிக்பாக்கெட் போனாலோ அத்தனையும் அம்போ! புது போன் வாங்கி விடலாம். இறந்து போன அப்பாவின் கடைசி போட்டோவை எந்த கடையில் போய் வாங்குவது?

இதற்கு கை கொடுப்பதுதான் 'கிளவுட்' எனப்படும் ஆன்லைன் சேமிப்பு. ஆனால் எந்த கம்பெனி எவ்வளவு இடம் தருகிறது, எப்போது கையை விரிக்கும் என்பது பலருக்கும் தெரிவதில்லை. அதுபற்றிய விவரம் வருமாறு:-

மேகம் இல்லை, குடோன்

கிளவுட் என்றால் மேகம். ஆனால் வானத்தில் எதுவும் இல்லை. நம்ம போட்டோ போய் உட்காருவது வேறொரு கம்பெனியின் கம்ப்யூட்டரில். அந்த கம்ப்யூட்டர்களை ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கும் கட்டிடத்துக்கு டேட்டா சென்டர் என்று பெயர்.

வெங்காய மூட்டையை வாடகை குடோனில் போடுவது போலத்தான் இதுவும். சரக்கு நம்முடையது, கட்டிடம் அவர்களுடையது. வாடகை நின்றாலோ, சாவி தொலைந்தாலோ சிக்கல்தான்.

பக்கத்து ஊர் கம்பெனி

இந்த தொழிலில் உலக அளவில் பெயர் வாங்கிய ஒரு நிறுவனம் பாவூர்சத்திரத்துக்கு பக்கத்திலேயே இருக்கிறது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-ல் பெயர் மாறிய ஜோஹோ நிறுவனம், 2011-ல் மத்தளம்பாறை கிராமத்தில் அலுவலகம் திறந்தது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

ஜோஹோவின் ஆன்லைன் சேமிப்பு சேவைக்கு ஒர்க்டிரைவ் என்று பெயர். 2019-ல் வந்தது. இது பெரும்பாலும் அலுவலகம், கடை, கம்பெனி என்று பல பேர் சேர்ந்து பைல்களை வைத்து வேலை பார்ப்பதற்காக செய்யப்பட்டது. விளம்பரத்துக்காக வாடிக்கையாளர் தகவலை விற்பதில்லை என்று இந்த நிறுவனம் சொல்லி வருகிறது.

மத்தளம்பாறையில் கம்பெனி இருப்பதால் நம்ம பைலும் அங்கேயே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அங்கே நடப்பது சாப்ட்வேர் வேலை. இந்திய வாடிக்கையாளர்களின் தகவல்களுக்கு மும்பை, சென்னையில் டேட்டா சென்டர்கள் உள்ளன.

யார் எவ்வளவு இலவசம்?

கூகுள்: ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஏற்கனவே கணக்கு இருக்கும். இலவசம் 15 ஜி.பி. ஒரு போட்டோ 4 எம்.பி. என்று வைத்தால் சுமார் 3 ஆயிரத்து 800 போட்டோ கொள்ளும். ஆனால் ஜி-மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் இந்த 15 ஜி.பி. முன்பு தனியாக இருந்த வாட்ஸ்-அப் பேக்கப்பும் 2024 முதல் ஆண்ட்ராய்டு போன்களில் இதே கணக்கில் சேர்ந்து விட்டது. அதனால்தான் "இடம் இல்லை" என்ற அறிவிப்பு பலருக்கும் வருகிறது. இடம் நிறைந்தால் மெயில் வருவதும் போவதும் நின்று விடும். வேலைக்கு மனு போட்டவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

மைக்ரோசாப்ட் ஒன் டிரைவ்: இலவசம் 5 ஜி.பி. கம்ப்யூட்டர் சென்டர், ஜெராக்ஸ் கடை நடத்துகிறவர்களின் விண்டோஸ் கம்ப்யூட்டரில் இது தானாகவே இருக்கும்.

ஆப்பிள் ஐ கிளவுட்: ஐ-போன்காரர்களுக்கு 5 ஜி.பி. 2011-ல் தொடங்கிய போதும் இதே 5 ஜி.பி.தான். ஆண்ட்ராய்டு போனுக்கு மாறினால் வசதி குறைந்து விடும்.

டிராப்பாக்ஸ்: இந்த வரிசையில் மூத்த பெயர்களில் ஒன்று. இலவசம் 2 ஜி.பி. மட்டுமே. இலவச கணக்கை 3 கருவிகளில்தான் இணைக்க முடியும் என்ற கட்டுப்பாடு 2019-ல் வந்தது.

மெகா: நியூசிலாந்து நிறுவனம். இலவசம் 20 ஜி.பி. பைலை பூட்டி வைப்பதால் கம்பெனிக்காரர்களே திறந்து பார்க்க முடியாது. அதே நேரம் பாஸ்வேர்டையும், மீட்பு சாவி எனப்படும் எண்-எழுத்து தொடரையும் சேர்த்து தொலைத்தால் போனது போனதுதான்.

டிஜிலாக்கர்: மத்திய அரசு 2015-ல் தொடங்கியது. 1 ஜி.பி. இடம், கட்டணம் கிடையாது. போட்டோ, வீடியோ வைக்க இது ஆகாது. ஆனால் டிரைவிங் லைசென்ஸ், ஆர்.சி. புக் போன்றவற்றை அந்தந்த துறையில் இருந்தே இதில் எடுத்தால் சட்டப்படி அசலுக்கு சமம். நாமே போட்டோ எடுத்து ஏற்றிய நகலுக்கு அந்த மதிப்பு கிடையாது. இந்த வித்தியாசம் தெரியாமல் வாகன சோதனையில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இடம் போதாவிட்டால்

காசு கட்டினால் எல்லா கம்பெனியும் இடம் தரும். கூகுளில் 100 ஜி.பி.க்கு மாதம் சுமார் 130 ரூபாய், ஐ கிளவுடில் 50 ஜி.பி.க்கு மாதம் சுமார் 75 ரூபாய் ஆகும். விலை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் கட்டும் முன்பு அன்றைய விலையை பார்ப்பது நல்லது.

"முதல் சில மாதம் இலவசம்" என்ற அறிவிப்பு வந்தால் இன்னும் உஷார். இலவச காலம் முடிந்ததும் தானாக பணம் பிடிக்க தொடங்கி விடும். வேண்டாம் என்றால் முன்கூட்டியே ரத்து செய்ய வேண்டும்.

காசு கட்டும் முன்பு வாட்ஸ்-அப் குரூப்பில் வந்த குட்மார்னிங் படங்களையும், பார்த்து முடித்த வீடியோக்களையும் அழித்து பார்க்கலாம். பாதி இடம் அதிலேயே மிச்சமாகும்.

கொடுத்ததை திரும்ப வாங்கிய கதை

இலவசம் என்பது நிரந்தரம் இல்லை. கூகுள் போட்டோசில் எத்தனை போட்டோ வேண்டுமானாலும் இலவசம் என்ற சலுகை 2021-ம் ஆண்டு ஜூன் 1-ந்தேதியோடு முடிந்தது. ஒன் டிரைவ் 15 ஜி.பி. கொடுத்து வந்ததை 2016-ல் 5 ஜி.பி.யாக குறைத்தது.

2 வருடமாக யாரும் திறக்காத கணக்குகளை அழிக்கும் வேலையை கூகுள் 2023-ம் ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. வெளிநாட்டுக்கு வேலைக்கு போனவர்களின் பழைய கணக்கு, இறந்தவர்களின் கணக்கு இதில் மாட்டக்கூடும். வருடத்துக்கு ஒரு முறையாவது திறந்து பார்த்து விட வேண்டும்.

தீயில் போன தென்கொரியா

பெரிய கம்பெனி, அரசாங்கம் என்றால் பயமே இல்லை என்று சொல்ல முடியாது. தென்கொரியாவில் டேஜோன் நகரில் உள்ள அரசு டேட்டா சென்டரில் 2025-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந்தேதி தீ பிடித்தது. அரசு ஊழியர்கள் பைல் வைத்திருந்த 'ஜி-டிரைவ்' எரிந்து நாசமானது. அதில் இருந்த 858 டி.பி. தகவலுக்கு வேறு இடத்தில் நகல் இல்லை. ஊழியர்களின் பல வருட உழைப்பு சாம்பலானது.

இதற்கு நேர் மாறான சம்பவம் ஆஸ்திரேலியாவில் 2024-ம் ஆண்டு மே மாதம் நடந்தது. யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதி நிறுவனத்தின் கிளவுட் சேவை கூகுளில் நடந்த ஒரு தவறால் அழிந்து போனது. 6 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் ஓய்வூதிய கணக்கு அதில் இருந்தது. ஆனால் அந்த நிறுவனம் வேறொரு கம்பெனியிலும் நகல் வைத்திருந்ததால் எல்லாவற்றையும் மீட்டு விட்டது.

இரண்டு சம்பவத்துக்கும் வித்தியாசம் ஒரே ஒரு நகல்தான்.

கடை, கம்பெனி நடத்துகிறவர்களுக்கு

பைல் வைப்பதற்கு மட்டும் அல்லாமல், கம்ப்யூட்டரையே வாடகைக்கு எடுக்கும் வசதியும் உண்டு. சொந்த லாரி வாங்காமல் நடைக்கு வாடகை பேசுவது போன்றது இது. அமேசான் 2006-ல் இதை தொடங்கியது. மைக்ரோசாப்ட் 2015-ல் சென்னை உள்பட 3 ஊர்களிலும், அமேசான் 2016-லும், கூகுள் 2017-லும் மும்பையிலும் டேட்டா சென்டர்களை கொண்டு வந்தன.

இதில் ஓடிய நேரத்துக்குத்தான் வாடகை. ஆனால் வேலை முடிந்ததும் அணைக்க மறந்தால் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். தகவலை உள்ளே ஏற்ற பொதுவாக காசு இல்லை. அளவுக்கு மேல் வெளியே எடுக்கத்தான் காசு. கடை பில்லிங், கணக்கு மட்டும் போதும் என்கிறவர்கள் இந்த பக்கம் போக வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது என்ன?

* முக்கியமான போட்டோ, பத்திர நகல், கணக்கு எல்லாம் 2 இடத்தில் இருக்க வேண்டும். ஒன்று கிளவுட், இன்னொன்று வீட்டில் பென் டிரைவ் அல்லது ஹார்டு டிஸ்க்.

* போனில் போட்டோவை அழித்தால் கிளவுடிலும் அழிந்து விடுவது உண்டு. "போனில் இடத்தை காலி செய்" என்ற வசதி வேறு, "அழி" என்பது வேறு. பார்த்து அழுத்த வேண்டும்.

* செல்போன் நம்பரை மாற்றினால் கணக்கிலும் உடனே மாற்ற வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் வேறு ஆளுக்கு போய் விடும். ஓ.டி.பி.யும் அவருக்குத்தான் போகும்.

* ஜெராக்ஸ் கடை, கம்ப்யூட்டர் சென்டரில் கணக்கை திறந்தால் மறக்காமல் லாக்-அவுட் செய்ய வேண்டும்.

* ஆதார், பான் கார்டு பைலை "லிங்க் உள்ள எல்லோரும் பார்க்கலாம்" என்று வைத்து அனுப்பக்கூடாது.

* பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைக்கலாம். வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்காவது அது இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும்.

மொத்தத்தில், சாதாரண குடும்பத்துக்கு போட்டோவுக்கு கூகுளின் 15 ஜி.பி.யும், சான்றிதழ்களுக்கு டிஜிலாக்கரும், வீட்டில் ஒரு பென் டிரைவும் இருந்தால் தாராளமாக போதும். ஐந்தாறு பேர் வேலை பார்க்கும் கடை என்றால் ஒர்க்டிரைவ் போன்றவற்றை விலை விசாரித்து பார்க்கலாம்.

எந்த குடோனில் வைத்தாலும் வீட்டிலும் ஒரு நகல் இருக்க வேண்டும் என்பதே இதில் முக்கியம். அடுத்த குற்றால சீசனுக்கு அருவிக்கு கிளம்பும் முன்பு அந்த வேலையை முடித்து விட்டால், போன் தண்ணீரில் விழுந்தாலும் போட்டோ பிழைத்துக்கொள்ளும்.