நாள் குறித்துச் செத்த ஃபிளாஷ்

பிரவுசருக்குள் கார்ட்டூனும் விளையாட்டும் ஓட்டிய அடோபி ஃபிளாஷ் பிளேயரின் சாவு திடீர்ச் சாவு அல்ல. 2017 ஜூலையிலேயே அடோபி நாள் குறித்துவிட்டது. 2020 டிசம்பர் 31-ஓடு ஆதரவு நின்றது. 2021 ஜனவரி 12 முதல், கணினியில் இருந்தாலும் ஓடாது. கடைசிப் பதிப்புகளின் நிரலுக்குள்ளேயே அந்தத் தேதியை எழுதி வைத்திருந்தார்கள்.

பிறந்தது 1996-இல், ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்ற பெயரில். ஜோனதன் கேயும் கூட்டாளிகளும் பேனாக் கணினிக்காகச் செய்த ஓவிய மென்பொருள்தான் மூலம். அதே ஆண்டு மேக்ரோமீடியா வாங்கிப் பெயரைச் சுருக்கியது. 2005-இல் மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கிக்கொண்டது. ஃபிளாஷ் பிறந்தது டயல்-அப் காலத்தில். படத்தைப் புள்ளி புள்ளியாக அனுப்பாமல், கோடு எங்கே தொடங்கி எப்படி வளைகிறது என்ற கணக்கை மட்டும் அனுப்பியதால், ஒரு குட்டி கார்ட்டூனே சில நூறு கிலோபைட்டில் அடங்கியது. நிரல் தெரியாத பள்ளிப் பிள்ளைகூட முதலில் பந்து இங்கே, கடைசியில் அங்கே என்று வைத்துவிட்டால் போதும், இடைப்பட்ட அசைவை ஃபிளாஷே வரைந்துகொள்ளும். யூடியூப் தொடங்கிய காலத்தில் வீடியோ ஓட்டியதும் ஃபிளாஷ்தான்.

செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பழைய கணினியில் ஃபிளாஷ் விளம்பரம் ஒன்று திறந்தாலே ஃபேன் இரைய ஆரம்பித்துவிடும். பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்க அடைக்க வந்துகொண்டே இருந்தன. பேட்டரியைக் குடிக்கிறது, தொடுதிரைக்கு ஒத்துவராது என்று 2010 ஏப்ரலில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கக் கடிதமே எழுதினார். அவருக்கு ஆப் ஸ்டோர் வியாபாரம் இருந்தது வேறு விஷயம், சொன்னது பொய்யில்லை.

அப்புறப்படுத்துவதுதான் பெரும்பாடு. விண்டோஸ் 8 முதல் மைக்ரோசாஃப்ட் இதை இயங்குதளத்தோடு சேர்த்தே கொடுத்திருந்தது. அதை எடுக்க 2020 அக்டோபரில் தனி அப்டேட் வந்தது. போட்டால் போட்டதுதான், திரும்ப எடுக்க முடியாது. நாமாக இறக்கி வைத்த ஃபிளாஷை அது தொடாது. அதற்கு அடோபியின் அன்இன்ஸ்டாலரை ஓட்ட வேண்டும். அப்புறமும் சிஸ்டம்32-க்குள் ‘மேக்ரோமெட்’ என்று ஒரு ஃபோல்டர் கிடக்கும், காலி செய்துபோன வாடகைக்காரரின் பெயர்ப்பலகை மாதிரி. அதற்குள் இருக்கும் ஃபிளாஷ் கோப்புகளைக் கையால் அழிக்க வேண்டும். 64 பிட் விண்டோஸ் என்றால் சிஸ்வாவ்64-க்குள்ளும் ஒன்று இருக்கும்.

தென்னாப்பிரிக்க வரித்துறைக்கோ விடவே மனமில்லை, அல்லது வழியில்லை. சில படிவங்கள் இன்னும் ஃபிளாஷில் இருந்ததால், 2021 ஜனவரியில் அதை ஓட்டுவதற்கென்றே சொந்தமாக ஒரு பிரவுசரை வெளியிட்டார்கள்.

பிளேயர் போனதில் எனக்கு வருத்தமில்லை. அதை நம்பி ஊர் பேர் தெரியாதவர்கள் செய்துவைத்த விளையாட்டுகளும் கார்ட்டூன்களும் கூடவே உடன்கட்டை ஏறியதுதான் அநியாயம். அவற்றில் ஒரு பகுதியை இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பர் முதல் ரஃபிள் என்ற எமுலேட்டரில் ஓட்டிக்காட்டுகிறது. அதற்கு ஃபிளாஷ் தேவையில்லை. பழைய விளையாட்டுக்காக ஃபிளாஷை இன்னும் கணினியில் வைத்திருப்பவர்கள் தாராளமாக எடுத்துவிடலாம்.