திண்ணை வாத்தியாரின் வரவுக் கணக்கு

எங்கள் குமாரலிங்கபுரத்துத் தம்பி ஒருத்தர் அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் மாதச் சம்பளத்துக்குப் பாடம் நடத்துகிறார். போன வாரம் பார்த்தபோது, "அண்ணே, வேலைய விட்டுட்டுத் தனியா கிளாஸ் எடுத்தா பொழைக்க முடியுமா? நீங்கதான் பழைய கதையெல்லாம் படிக்கிறீங்களே" என்றார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் கேள்வி விடவில்லை. நம் நாட்டில் இருநூறு வருஷத்துக்கு முந்தி வாத்தியார்களில் பெரும்பாலோர் தனியாகப் பாடம் சொல்லிப் பிழைத்தவர்கள்தானே?

திண்ணைப் பள்ளிக்கு அரசாங்கச் சம்பளம் கிடையாது. பிள்ளைகள் தரும் மாதப் பணம்தான் வரவு. 1822இல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ மாகாணம் முழுக்கப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள் என்று இருக்கிறது. ஏழைப் பிள்ளைகளிடம் பரவலாக வாங்கிய பணம் மாதம் 4 அணா. வாத்தியாருக்கு மாசத்துக்கு 6, 7 ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை, இந்த வருமானத்துக்குத் தகுதியானவர்கள் வரமாட்டார்கள் என்பது மன்றோவின் கவலை.

நான் இதைக் கொஞ்சம் வகுத்துப் பார்த்தேன். சராசரியாகப் பள்ளிக்கு 15 பிள்ளைகள். 4 அணா வீதம் 60 அணா, அதாவது 3 ரூபாய் 12 அணா. 7 ரூபாய் வர 28 பிள்ளைகள் வேண்டும். ஆக, சின்னப் பள்ளி வைத்திருந்தவருக்கு மாதப் பணம் மட்டும் கட்டியிருக்காது. மிச்சத்தை அறுவடைத் தானியமும், நவராத்திரியில் பிள்ளைகள் வீடு வீடாய்க் கோலாட்டம் அடித்துக் கொண்டுவந்த காசும்தான் ஈடுகட்டின. மழை பொய்த்தால்? நம்ம கரிசக்காட்டில் அது ஒரு வருஷக் கதையில்லை. வீட்டில் முதலில் வெட்டப்படும் செலவு பிள்ளையின் பள்ளிப் பணமாகத்தான் இருந்திருக்கும்.

28 பிள்ளைகளை ஒரே ஆள் எப்படி மேய்ப்பது? அதற்குத்தான் சட்டாம்பிள்ளை. முன்னே படித்தவன் பின்னே வருகிறவனுக்கு எண்சுவடி சொல்லிக்கொடுப்பான். சென்னையில் அநாதைப் பிள்ளைகளின் காப்பகத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதுவதையும் பிள்ளையே பிள்ளைக்குக் கற்பிப்பதையும் எடுத்துக்கொண்டு 1797இல் லண்டனில் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று அது இங்கிலாந்தில் பரவியது. முறை போன இடத்தில் பெல்லுக்குப் பேர் வந்தது. நம் திண்ணை வாத்தியாருக்கு அதே 4 அணாதான்.

திறமை இருந்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைவிடப் பெரிய ஆசிரியர் அந்தக் காலத்தில் யார்? மாணவர்களிடம் பணம் வாங்காமல், சோறும் போட்டுப் பாடம் சொன்னவர். தலபுராணம் பாடிக் கிடைத்த சன்மானமும் திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவும் இருந்தும், 1876இல் இறக்கும்வரை கடன் அவரை விடவில்லை. அவர் மாணவர் உ.வே.சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் 50 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தார்.

மன்றோ சொன்ன வழி இதற்கு நடுவில் இருக்கிறது. தாசில்தாரிப் பள்ளி வாத்தியாருக்கு அரசு 9 ரூபாய் கொடுக்கட்டும், அதே அளவு பிள்ளைகளிடமும் வரும் என்றார். அவர் 1827இல் இறந்தார், திட்டம் நிலைக்கவில்லை. அரசு செய்யாததை நம்ம பக்கம் ஊர் செய்தது. விருதுபட்டியில் நாடார் உறவின்முறை, வியாபாரத்தில் பிடித்த மகமைப் பணத்தில் சத்திரிய வித்தியாசாலையை நிறுவியது. மழை பெய்யாத வருஷத்திலும் வாத்தியாருக்குச் சம்பளம் உண்டு. திண்ணைப் பள்ளியில் தொடங்கிய காமராசர் பிறகு படித்தது அங்கேதான்.

தம்பிக்கு இப்படித்தான் சொன்னேன்: "நல்ல மாசத்து வரவ வச்சு முடிவு பண்ணாதீங்க. பஞ்ச மாசத்துல எத்தனை பேரு பணம் கட்டுவாங்கன்னு எண்ணுங்க. எங்கயாவது ஒரு 9 ரூபாய நிலையா புடிச்சுக்கிட்டு அப்புறம் திண்ணையப் போடுங்க."

ரெண்டு நாள் கழித்து போன் செய்தார். சென்டரில் பாதி நாள் வேலைக்குப் பேசியிருக்கிறாராம்.