ஏட்டெழுத்தும் செவியறிவும்: ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தை முன்வைத்துத் தொடக்கநிலை வாசிப்பில் ஒலியுணர்வின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

எழுத்தறியுமுன் ஒலியறிதல் என்பது அண்மைக்காலக் கல்வியியல் வலியுறுத்தும் கருத்து. தமிழ்த் திண்ணைப்பள்ளி மரபில் இதற்கு நிகரான பயிற்சி எழுத்தின் பெயரிலும் ஏட்டின் இயல்பிலும் பொதிந்திருந்தது என்பதையும், பிற்காலப் பள்ளிகளுக்கு அது முழுமையாக வந்துசேரவில்லை என்பதையும் இக்கட்டுரை கரிசல் வட்டாரப் பின்னணியில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஒலியுணர்வு, திண்ணைப்பள்ளி, ஏட்டுச்சுவடி, எழுத்துச் சீர்திருத்தம், ஏழாயிரம்பண்ணை.

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்து ஏழாயிரம்பண்ணையில் பிறந்த குழந்தை, தன் ஊர்ப்பெயரை எழுதப் பழகுமுன் எண்ணற்ற முறை சொல்லியிருக்கும். அதன் நாவில் அப்பெயர் 'ஏளாயிரம்பண்ண' என்றே வருவது இயல்பு. தென்மாவட்டப் பேச்சில் ழகரம் ளகரமாகும். சொல்லின் ஈற்று ஐகாரம் குறுகும். ஐகாரக் குறுக்கத்தை இலக்கண நூலாரும் உடன்பட்டுள்ளனர். இடையில் நிற்கும் பகரம் மகர மெய்யை அடுத்து வருவதால் ஒலிப்புடையதாகிறது. 'பண்ணை' எனத் தனித்துச் சொல்லும்போது அவ்வாறு ஒலிப்பதில்லை. இடம் நோக்கி வல்லெழுத்து ஒலி மாறும் இவ்வியல்பைக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கண நூலில் (1856) விதியாகவே வகுத்தார். எட்டெழுத்துப் பெயர் ஒன்றில் மூன்று இடங்களில் எழுத்தும் பேச்சும் விலகி நிற்கின்றன. எழுதியபடியே படிக்கும் மொழி தமிழ் என்று பொதுவாகச் சொல்லப்படுவதைச் சற்றுத் தயங்கியே ஏற்க வேண்டும்.

ஏடு கேட்ட செவி

இன்றைய அச்சுப் பக்கம் தரும் உதவிகளை ஓலைச்சுவடி தருவதில்லை. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு இல்லை; அதனை ஏற்படுத்திய பெருமை பதினெட்டாம் நூற்றாண்டின் வீரமாமுனிவரைச் சாரும். காலும் ரகரமும் ஒரே வடிவின. இம்முறையில் எழுதப்பட்ட ஏழாயிரம்பண்ணை என்னும் பெயரை இன்றைய எழுத்தால் காட்டினால் 'எழரயிரமபணணை' என்பதுபோல் நிற்கும். இதனைக் கண்ணால் மட்டும் படிக்க இயலாது. எங்கே மெய், எங்கே நெடில், எது கால், எது ரகரம் என்பவற்றைச் செவி முன்னரே அறிந்திருக்க வேண்டும். பாடத்தை முதலில் வாய்மொழியாக நெட்டுருச் செய்வித்துப் பின்னர் ஏட்டைக் கையில் கொடுத்த வழக்கத்தை வெறும் மனப்பாடக் கல்வி என ஒதுக்குவோர் இக்காரணத்தை எண்ணிப் பார்ப்பதில்லை.

எழுத்துகளின் பெயரிலும் இப்பயிற்சி உண்டு. இலக்கணப் புலவர் குறிலுக்குக் கரமும் நெடிலுக்குக் காரமும் சாரியையாகக் கொண்டு அகரம், ஆகாரம் என்றனர். தென்பாண்டி நாட்டில் அண்ணாவி எனப்பட்ட திண்ணைப்பள்ளி ஆசிரியரோ அனா, ஆவன்னா, இனா, ஈயன்னா என்று சொல்லிக்கொடுத்தார். குறிலுக்கு 'னா', நெடிலுக்கு 'வன்னா' அல்லது 'யன்னா'. வழக்கில் அனா என்பது ஆனா என நீள்வதும் உண்டு. அப்போது குறில் நெடில் வேறுபாட்டைக் காத்து நிற்பது ஈறு மட்டுமே. நெடிற்பெயர்களில் தோன்றும் வகர யகரங்களும் தற்செயலானவை அல்ல. ஆவன்னா, ஊவன்னா, ஓவன்னா என வகரமும், ஈயன்னா, ஏயன்னா, ஐயன்னா என யகரமும் உடம்படுமெய் விதியை ஒத்தே அமைகின்றன. நன்னூலை ஒருநாளும் காணாத ஐந்து வயதுச் சிறுவன் அவ்விதியை மணலில் விரல் வைத்தபடியே வாயால் பழகினான்.

மணலெழுத்தின் பயணம்

1789இல் சென்னை எழும்பூர் ஆண் அனாதை இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்நாட்டுப் பள்ளியில் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு அம்முறையைக் கைக்கொண்டார். 1797இல் இலண்டனில் வெளியான அவரது நூலால் மணலெழுத்தும் சட்டாம்பிள்ளை முறையும் 'சென்னை முறை' என இங்கிலாந்தில் பரவின. ஆவன்னாவும் ஈயன்னாவும் உடன்செல்லவில்லை; ஆங்கில நெடுங்கணக்குக்கு அவை பயன்படவும் மாட்டா.

இதே காலத்தில் கரிசல் பாளையங்களின் நிலை மாறிற்று. பாஞ்சாலங்குறிச்சியோடு நின்ற காரணத்தால் 1799இல் கும்பினியார் பறித்த பாளையங்களுள் ஏழாயிரம்பண்ணையும் ஒன்று. அப்போது இப்பகுதி திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தது. 1822இல் தாமஸ் மன்றோ மாகாணம் முழுவதும் பள்ளிக் கணக்கெடுக்க ஆணையிட்டார். அவரது 1826ஆம் ஆண்டுக் குறிப்பு 12,498 பள்ளிகளையும் 1,88,650 மாணவரையும் காட்டுகிறது. அவர்களுள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. தரம்பால் (1983) இக்கணக்கைக் கொண்டு மரபுக் கல்வியின் பரப்பை நிறுவினார். பரப்பு உண்மை. எனினும் ஆவன்னாவின் நுட்பம் பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் பெரும்பாலும் எட்டவில்லை என்பதும் அதே அளவு உண்மை. திண்ணையைப் போற்றும் ஆய்வுகள் இவ்விடத்தில் விரைந்து நகர்ந்துவிடுகின்றன.

அச்சும் அதன்பின்னும்

அச்சுப் புத்தகம் புள்ளியையும் நெடில் வேறுபாட்டையும் நிலைப்படுத்தியது. 1978 அக்டோபரில் தமிழக அரசு பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது 13 உயிர்மெய் வடிவங்கள் ஒழுங்கு பெற்றன. ஏழாயிரம்பண்ணையின் ஈற்றெழுத்தான 'ணை' அவற்றுள் ஒன்று. அதுவரை அது துதிக்கை வடிவில் எழுதப்பட்டது. குறியீடு எளிமையுறுந்தோறும் செவிப்பயிற்சி தேவையற்றதாகத் தோன்றத் தொடங்கியது. படத்தைக் காட்டி எழுத்தைச் சுட்டும் அட்டை ஆவன்னாவின் இடத்தைப் பிடித்தது.

இம்மாற்றத்தின் சுமை சிவகாசி வட்டாரத்தில் கூடுதலாக விழுந்தது. 1923இல் அங்கு வேரூன்றிய தீப்பெட்டித் தொழில் சுற்றுக் கிராமங்களின் சிறார்களையும், அவர்களுள் மிகுதியாகப் பெண் குழந்தைகளையும், குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் ஈர்த்தது. 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் அத்தகைய சிறாரை மீட்டு எழுத்தறிவித்தன. பேச்சில் முதிர்ந்து எழுத்தில் தொடக்கநிலையில் நின்ற அவர்களுக்கு ஆறு வயதுக்குரிய படஅட்டை பொருந்துமா என்பது இன்னும் விரிவாக ஆராயப்படவேண்டிய வினா.

கன்னடக் குழந்தைகளின் வாசிப்பை ஆராய்ந்த சொனாலி நாக் (2007), அசை உணர்வு முந்தியும் ஒலியன் உணர்வு மெல்லவும் வளர்வதைக் காட்டினார். தமிழும் உயிர்மெய் எழுத்துமுறையே. சொல்லின் ஒவ்வோர் அசைக்கு முன்னும் ககரம் சேர்த்துக் குழந்தைகள் பேசும் 'க' பாஷை, அசை உணர்வு பள்ளியின் உதவியின்றியே அமைவதற்குச் சான்று. பயிற்சி தேவைப்படுவது 'ணை' என்பதனுள் ணகரமும் ஐகாரமும் இருப்பதை உணர்வதற்கே. 2022 சூனில் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம் எட்டு வயதுக்குள் அடிப்படை எழுத்தறிவை இலக்காக வைத்தது. அதன் வகுப்பறையிலும் இவ்வினா எழும்.

சொல்வதெழுதுதலில் ஒரு குழந்தை 'ஏளாயிரம்பண்ணை' என்றும், மற்றொன்று 'ஏழயிரம்பணை' என்றும் எழுதுவதாகக் கொள்வோம். முதற்குழந்தை தன் ஊர் ஒலியைத் துல்லியமாகக் கேட்டு எழுதியுள்ளது. அதற்கு வேண்டுவது ழகர எழுத்துமரபு. இரண்டாவது குழந்தை எழுத்துமரபை அறிந்தும் நெடிலையும் இரட்டிப்பையும் செவியில் தவறவிட்டுள்ளது. அதற்கு வேண்டுவது ஆவன்னா. இரண்டையும் எழுத்துப்பிழை என்ற ஒரே தலைப்பில் எண்ணும் மதிப்பீடு, முதற்குழந்தையைத் தண்டித்து இரண்டாவதைக் கவனியாமல் விடுகிறது.