சிறப்புக் கோப்புகளிலும் குறியீட்டு இணைப்புகளிலும் பண்புமாற்றம்

யுனிக்ஸ் வழிவந்த பணிசெயல் முறைமைகளில் கோப்பின் உரிமையாளர், அனுமதி, கொடி முதலிய பண்புகள் உள்ளடக்கத்திலிருந்து தனியே ஐநோடு என்னும் பதிவில் இடம்பெறுகின்றன. ஆகவே பண்பை மாற்றக் கோப்பைத் திறக்கவோ, இணைப்பு காட்டும் இடத்துக்குப் போகவோ தேவையில்லை. இந்த வேறுபாடு மதிக்கப்படாததே இத்துறையின் நெடுநாட் சிக்கலுக்கு மூலம்.

குறியீட்டு இணைப்பு 1983இல் பிஎஸ்டி 4.2 வழியாகப் பரவலாயிற்று. இணைப்பின் மீது உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் அழைப்பை விடுத்தால் இணைப்பின் உரிமை மாறுமா, அது காட்டும் கோப்பின் உரிமை மாறுமா என்பதில் முறைமைகள் வேறுபட்டன. லினக்ஸ் கருவில் 2.1.81 பதிப்புக்கு முன்பு அந்த அழைப்பு இணைப்பையே மாற்றியது. அதற்குப் பின் இணைப்பைத் தொடர்ந்து சென்றது. இணைப்புக்கென எல்சிஎச்ஓன் தனியே பிறந்தது. இடையில் 2.1.46 மட்டும் விலகி நடந்ததைக் கையேடு இன்றும் கவனமாகக் குறித்து வைத்திருக்கிறது. இது வெறும் நுணுக்கமன்று. பயனர் ஒருவர் தன் அடைவில் கடவுச்சொற் கோப்புக்கு இணைப்பு வைத்திருக்க, நிருவாகி இணைப்பைத் தொடரும் அழைப்பால் அங்குள்ள அனைத்தின் உரிமையையும் அவருக்கு மாற்றினால், கடவுச்சொற் கோப்பும் அவர் கைக்குப் போய்விடும்.

இணைப்புக்கு அனுமதியே தேவையில்லை என்பாரும் உளர். லினக்ஸ் அவ்வழி நிற்கிறது: பட்டியலில் எல்லா அனுமதியும் திறந்தே தெரியும், ஆனால் அவை பார்க்கப்படுவதில்லை. ஃப்ரீபிஎஸ்டியோ இணைப்பின் அனுமதியை மாற்ற எல்சிஎச்மோட் தருகிறது. எனினும், அனுமதி வேண்டாம் என்னும் வாதம் உரிமைக்கும் வட்டு ஒதுக்கீட்டுக் கணக்குக்கும் பொருந்தாது. இணைப்பும் வட்டில் ஓர் ஐநோடைப் பிடித்திருக்கிறது.

கொடிகளில் சிக்கல் வேறு. 1993இல் வந்த ஈஎக்ஸ்டி2 கோப்பு முறைமையின் கொடிகளை மாற்றக் கோப்பைத் திறந்து ஐஒக்டில் என்னும் கட்டுப்பாட்டு அழைப்பை அனுப்பவேண்டும். குழாய், சாதனம் போன்ற சிறப்புக் கோப்பில் திறப்பதே ஒரு செயல். பெயரிட்ட குழாயை வாசிக்கத் திறந்தால், மறுமுனையில் எழுதுபவர் வரும்வரை நிரல் சாதாரணமாகக் காத்து நிற்கும். லினக்ஸில் எஸ்டி0 என்னும் நாடாச் சாதனத்தைத் திறந்து மூடினாலே நாடா தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். போதாக்குறைக்கு, அனுப்பிய ஐஒக்டில் கோப்பு முறைமையை அடையாமல் சாதன இயக்கியிடம் போகும். அதே எண்ணுக்கு அங்கு வேறு பொருள் இருக்கலாம். திறக்காமல் பிடி மட்டும் தரும் ஓ-பாத் என்னும் விருப்பம் இருக்கிறதே என்றால், அந்தப் பிடியின் வழி ஐஒக்டில் செல்லாது.

எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையில், அடைவுக்குத் திட்ட எண் இட்டு வட்டுப் பயன்பாட்டைக் கணக்கிடும் திட்ட ஒதுக்கீட்டில் இக்குறை வெளிப்படையாகத் தெரிந்தது. ஏற்கெனவே உள்ள அடைவுக்குத் திட்ட எண் இடும்போது அதிலிருந்த சிறப்புக் கோப்புகளும் இணைப்புகளும் பழைய எண்ணிலேயே தங்கின. 2025இல் வெளியான லினக்ஸ் 6.17, கோப்பைத் திறக்காமல் பாதைப் பெயரால் இப்பண்புகளை வாசிக்கவும் மாற்றவும் இரண்டு புதிய அழைப்புகளைச் சேர்த்தது.