ரவிக்கையும் அரை சென்டிமீட்டரும்

சித்திக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து, கதிர்வீச்சு சிகிச்சைக்குத் தேதி கொடுத்ததும் அவங்க கேட்ட முதல் கேள்வி: "என்ன உடுத்திட்டுப் போறது?" வத்தலக்குண்டிலிருந்து மதுரைக்குத் தினமும் பஸ். லூசான காட்டன் துணி போடணும், கழுத்தில் நகை கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஏன் என்று சொல்லவில்லை. கோடு எழுதிப் பிழைக்கிறவனுக்குக் காரணம் தெரியாமல் தூக்கம் வருமா? தேட ஆரம்பித்தேன்.

ஆரம்பகால எக்ஸ்ரே கதிர்களுக்கு ஆற்றல் குறைவு. உள்ளே இருக்கும் கட்டியைவிட மேல்தோல்தான் அதிகம் அடி வாங்கும். தோல் எவ்வளவு சிவக்கிறது என்பதை வைத்துத்தான் டோஸையே அளந்திருக்கிறார்கள்! 1928-ல் ரான்ட்ஜன் என்ற அலகு உலக அளவில் ஏற்கப்பட்ட பிறகுதான் அந்தப் பழக்கம் மெல்லப் போனது.

தோலைக் காப்பாற்றியது கோபால்ட்-60. கனடாவில் 1951-ல் சிகிச்சைக்கு வந்த இந்தக் கருவி, ஆறே வருடத்தில், 1957-ல், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு வந்துவிட்டது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது.

கோபால்ட் கதிர் தோலில் பட்டதும் எலக்ட்ரான்களை முன்னோக்கித் தள்ளும். அதனால் டோஸ் உச்சத்துக்குப் போவது தோலுக்கு அரை சென்டிமீட்டர் கீழே. இன்று பரவலாக இருக்கும் 6 எம்.வி. லீனியர் ஆக்சிலரேட்டரில் ஒன்றரை சென்டிமீட்டர். அந்த இடத்தில் தடித்த துணி கிடந்தால்? இந்த ஏற்றம் துணியிலேயே தொடங்கிவிடும். தோலுக்குக் கிடைத்த சலுகை போச்சு. தோலுக்கே டோஸ் வேண்டுமென்றால் டாக்டர்கள் வேண்டுமென்றே மேலே ஒரு பட்டையான ஷீட்டை வைப்பார்கள். அதற்குப் பெயர் போலஸ்.

ஆக, மெஷினுக்குக் கீழே படுக்கும்போது அந்த இடத்தில் துணியே இருக்காது, இல்லை மெல்லிய கவுன்தான். காட்டன் என்பதெல்லாம் வெளியே வந்த பிறகு, சிவந்த தோலில் உரசாமல், வியர்க்காமல் இருக்க. தோலில் போட்ட மை அடையாளம் துணியில் ஒட்டும், அதனால் பழசாக இருந்தால் நல்லது. கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்கணும், ஆகவே இறுக்கமான கை வேண்டாம். நம்மூர் ரவிக்கைக்கு முன்பக்கமே கொக்கி என்பதால் கழற்றி மாட்ட வசதி. சித்தி சின்னாளபட்டிச் சுங்குடிக்கு மாறினாங்க.

தாலிச் செயின்தான் பிரச்சினை. முதல் நாள் அழுதாங்க. ரெண்டாம் நாள் பேசாமல் கழற்றி நீட்டினாங்க. சிகிச்சை முடியும்வரை தினமும் சித்தப்பா அதைச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.